பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத வில்லங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்துப் பத்திரங்களைப் படித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை. வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். தமிழ் படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பதால், எந்த நாட்டுச் சட்டம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மறைந்திருக்கும் வில்லங்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சுவரில் விரிசல் இருந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். பதிவான அடமானம் இருந்தால் பதிவேட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும். இவை இரண்டும் மறைவானவை அல்ல. இன்னொரு வகைக் குறை நேரில் பார்த்தும் பிடிபடாது, பதிவேட்டில் தேடியும் பிடிபடாது. வீடு கட்டிக் குடியேறிப் பல வருடம் ஆன பிறகு ஒருவர் வந்து "இதில் எனக்கும் பாகம் இருக்கிறது" என்று நிற்கும்போதுதான் தெரியவரும். அதைத்தான் மறைந்திருக்கும் வில்லங்கம் என்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த ஒரு விதி: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. விற்றவருக்கு முக்கால் பங்குதான் பாத்தியம் என்றால், முழுச் சொத்துக்கும் நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் உங்கள் கைக்கு வருவது முக்கால் பங்குதான். நாணயமாக வாங்கினோம், முழு விலையும் கொடுத்தோம் என்பது பல சமயம் காப்பாற்றாது.

அதனால் ஒரு பத்திரம் கைக்கு வந்தால், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. போட்டிருக்க வேண்டியவர் யாராவது விட்டுப்போயிருக்கிறாரா என்று தேடுவேன். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அந்தத் தேடலைப் பற்றியவைதான்.

முறைப்படி பதிவு செய்துவிட்டேன், அரசு முத்திரையும் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

பதிவில் இரண்டு வகை உண்டு. இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம். இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில் இப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் இதையே திரும்பவும் சொன்னது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்பது அந்தத் தீர்ப்பு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும், இலங்கையில் பழைய உறுதி (பத்திர) முறை நடக்கும் இடங்களிலும் இதே நிலைமைதான்.

இன்னொரு வகையில் உரிமையே பதிவாகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் முன்னின்று கொண்டுவந்த 1858ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தொடங்கிவைத்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. மோசடியாலோ பதிவேட்டுத் தவறாலோ நிலத்தை இழந்தவருக்கு அங்கே ஒரு நிதியிலிருந்து ஈடு கிடைக்கும். மலேசியாவின் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டமும் சிங்கப்பூரின் முறையும் இதன் வழி வந்தவை. இலங்கை 1998ல் உரித்துப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 1900 முதல் நடைமுறையில் உள்ள சிவில் சட்டமும் நிலப் பதிவேட்டை நம்பி வாங்கியவர் பக்கம் நிற்கிறது.

எனவே சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ, அங்கே பதிவாவது ஆவணமா உரிமையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆவணம் மட்டும்தான் என்றால் முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

வில்லங்கச் சான்றில் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று வந்திருக்கிறது. போதாதா?

போதாது. அந்தச் சான்று சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு, நீங்கள் கேட்ட காலத்துக்குள், அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் எந்தப் பதிவும் இல்லை. உட்பிரிவு ஆகி எண் மாறியிருக்க, புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய எண்ணில் கிடக்கும் அடமானம் அதில் வராது. எல்லை பிரித்ததில் கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தால், பாதிக் கதை பழைய அலுவலகத்திலேயே தங்கியிருக்கும்.

பதிவுக்கே வராதவையும் நிறைய. இந்தியாவில் உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. குடும்பத்துக்குள் வாய்ப்பேச்சாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை, மூலப்பத்திரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து வாங்கிய கடன், பதினொரு மாத வாடகை ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, கட்டாத வரி எல்லாம் இந்தச் சான்றில் தெரியாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. மனிதர் ஒருவர் இறந்தால் அது பத்திரப் பதிவேட்டில் ஏறாது. அவர் இறந்த அந்த நாளிலேயே சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. ஒரு பத்திரமும் எழுதப்படுவதில்லை, ஒரு முத்திரையும் விழுவதில்லை. வில்லங்கச் சான்றிலோ பழைய உரிமையாளர் பெயர்தான் இருக்கும்.

வாரிசு பிரச்சினைதான் அதிகம் என்கிறார்கள். எப்படி வருகிறது?

என் அனுபவத்தில் வரும் வில்லங்கங்களில் முதலிடம் இதற்குத்தான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

இந்தியாவில் ஒருவர், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர், உயில் எழுதாமல் 1987ல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொத்து அவரே சம்பாதித்தது. மனைவி, இரண்டு மகன்கள், திருமணமாகிப் போன ஒரு மகள் இருக்கிறார்கள். 1994ல் மனைவியும் இரண்டு மகன்களும் சேர்ந்து விற்கிறார்கள். பத்திரத்தில் "எங்களைத் தவிர வேறு வாரிசுகள் எவருமில்லை" என்று ஒரு வரி. மகள் கையெழுத்து இல்லை.

மகள் விட்டுப்போனது பலருக்கும் உடனே தெரியும். பங்கை நாலாகப் பிரித்து, மூன்று பங்கு வந்துவிட்டது, ஒன்று நிற்கிறது என்பார்கள். ஆனால் நான் அடுத்துக் கேட்பது இது: 1987ல் இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தாரா? இருந்தார் என்றால் அவரும் மனைவி மக்களோடு சமபங்குள்ள முதல் வகுப்பு வாரிசு. பங்கு ஐந்தாகிறது. வாங்கியவருக்கு வந்தது ஐந்தில் மூன்று. பிறகு அந்தத் தாய் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் போகிறது. இந்தச் சொத்தோடு எந்த ஒட்டும் இல்லாதவர்கள் என்று நாம் நினைத்த சித்தப்பாவும் அத்தையும் இப்போது பங்காளிகள். "வேறு வாரிசுகள் இல்லை" என்ற வரி, கையெழுத்துப் போடாத ஒருவரையும் கட்டுப்படுத்தாது.

பூர்வீகச் சொத்தென்றால் கணக்கு வேறு. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை கொடுத்தது. அது நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனைகளையும் பதிவான பாகப்பிரிவினைகளையும் அந்தத் திருத்தம் தொடுவதில்லை. அதனால் பூர்வீகச் சொத்தில் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள், வேறு பங்குகள்.

மற்ற நாடுகளிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. முதல் திருமணத்துப் பிள்ளைகள், தத்துப் பிள்ளை, உயில் எழுதிய பிறகு பிறந்த பிள்ளை, பிரிந்து போய் ஆனால் சட்டப்படி விவாகரத்து ஆகாத துணைவர். அமெரிக்காவில் பல மாநிலங்களில் குடும்ப வீட்டை விற்க, பத்திரத்தில் பெயர் இல்லாத கணவரோ மனைவியோகூடக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் அதுவே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பித்தவர் சொன்ன பெயர்களை விசாரித்துக் கொடுப்பதுதான் அது. அக்கம்பக்கத்தில் வயதானவர் ஒருவரிடம் கால்மணி நேரம் பேசிப் பாருங்கள். "மூத்தவளுக்கு ஒரு பையன் இருந்தானே, வெளிநாடு போனவன்" என்பது போன்ற தகவல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், அவரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும்.

காணாமல் போன வாரிசை என்ன செய்வது?

ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதவர் இறந்ததாகக் கருதலாம் என்று இந்தியாவில் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டம் சொல்கிறது. நீதிமன்றத்தில் அந்த அறிவிப்பைப் பெற்றுத்தான் மேலே போக வேண்டும். திரும்பி வந்தால் அந்த அனுமானம் கலைந்துபோகும். முடிந்தால் வேறு சொத்துப் பாருங்கள்.

பவர் வைத்திருப்பவரிடம் வாங்கலாமா?

வாங்கலாம். பவர் என்பது உரிமையாளர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தேதிகளைச் சரிபார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கிரயப் பத்திரம்: பவர் பெற்றவர் விற்றிருக்கிறார், பதிவுத் தேதி மார்ச் 14. இன்னொன்று பவர் கொடுத்தவரின் இறப்புச் சான்றிதழ்: மார்ச் 9. நடுவில் ஐந்து நாள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ன்படி, பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். இறந்த செய்தி தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்று வாதிடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பவர் பெற்றவருக்கே அந்தச் சொத்தில் உரிமை கலந்திருந்தால் இறப்புக்குப் பிறகும் பவர் நிற்கலாம். அதையும் ஆவணம் சொல்ல வேண்டும், அவர் வாய் சொன்னால் போதாது.

பவரையே கிரயமாக எண்ணி, முழுப் பணம் கொடுத்துப் பவர் மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. பொது அதிகாரப் பத்திரத்தாலோ விற்பனை ஒப்பந்தத்தாலோ உரிமை மாறாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி வாங்கியவரிடமிருந்து நீங்கள் வாங்கினால், கிரயப் பத்திரம் இல்லாத ஒரு கண்ணி உங்கள் சங்கிலியில் இருக்கிறது.

பவர் கொடுத்தவரோடு கிரயத்தன்று நேரிலோ காணொளியிலோ பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன். சிலருக்கு அது மிகையாகப் படுகிறது. அந்த மார்ச் 9ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் பங்கை அப்பா அம்மா விற்றால் செல்லாதா?

இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனரின் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்க இயற்கைக் காப்பாளருக்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் அதை ரத்துச் செய்யக் கேட்கலாம். நாலு வயதுப் பிள்ளையின் சொத்து என்றால், வாங்கியவருக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துக்கூட நோட்டீஸ் வரலாம். பழைய பத்திரத்தில் "மைனருக்காகத் தகப்பன் கார்டியன்" என்று கண்டால், நீதிமன்ற உத்தரவு எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் பாருங்கள்.

ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம் என்றால் நிலம் யாருக்கு?

பெரும்பாலான சட்டங்களில் அசல் உரிமையாளருக்கே. போலிக் கையெழுத்தால் எந்த உரிமையும் பிறப்பதில்லை. ஆனால் பதிவேட்டையே உரிமையாகக் கொள்ளும் நாடுகளில் இது சிக்கலான கேள்வி. மலேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன். பினாங்கில் நிலம் வைத்திருந்த ஒரு தாய்லாந்துப் பெண்ணின் பெயரில் வேறொருவர் ஆள்மாறாட்டம் செய்து 1989ல் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். கூட்டரசு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு, நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. உண்மையான உரிமையாளர் ஒரு தவறும் செய்யாமல் நிலத்தை இழந்தார். அந்தத் தீர்ப்பு பிழை என்று அதே நீதிமன்றம் 2010ல் இன்னொரு வழக்கில் சொல்லித் திருத்தியது. நடுவில் இருந்த ஒன்பது ஆண்டுகளும் அந்த நாட்டில் நிலம் வைத்திருந்த எல்லோருக்கும் ஆபத்தான காலம்.

2021ல் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் நடந்தது இன்னொன்று. வெளியூரில் வேலையில் இருந்த ஒரு பாதிரியாருக்குப் பக்கத்து வீட்டாரிடமிருந்து போன் வந்தது, வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் அவருடைய சாவி பூட்டில் சேரவில்லை. உள்ளே சாமான்கள் இல்லை, கட்டிட வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் பெயரில் யாரோ விற்று, பதிவேட்டிலும் பெயர் மாறியிருந்தது.

காலியாக, கடன் இல்லாமல், உரிமையாளர் தூரத்தில் இருக்கும் சொத்துகளைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடுகிறார்கள். இங்கிலாந்து நிலப் பதிவேட்டில் இலவச எச்சரிக்கைச் சேவை இருக்கிறது. உங்கள் சொத்தின்மீது யாராவது விண்ணப்பித்தால் மின்னஞ்சல் வரும், பத்து சொத்துகள் வரை பதிந்துவைக்கலாம். அந்த வசதி இல்லாத நாட்டில் சொத்து இருந்தால், வருடத்துக்கு இரண்டு முறையாவது நீங்களே பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

வங்கி கடன் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. சொத்து சுத்தம் என்றுதானே அர்த்தம்?

வங்கியின் வழக்கறிஞர் கருத்துக் கொடுப்பது வங்கிக்கு. கடன் தொகை திரும்ப வருமா என்பதுதான் அவர்கள் கவலை. சொத்தை இழந்தாலும் கடனைக் கட்ட வேண்டியவர் நீங்கள். உங்களுக்கென்று ஒருவரை வைத்துத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவும் எல்லையும் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லோரும் கடைசிப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படிப்பார்கள். நான் எல்லாப் பத்திரங்களின் சொத்து விவரத்தையும் வரிசையாக வைத்துப் படிப்பேன். ஒரு மனையின் வடக்கு எல்லை இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1962ல் "வடக்கே வாய்க்கால்". 1985ல் "வடக்கே பாதை". 2010ல் "வடக்கே இருபதடி ரோடு". மூன்றிலும் அளவு ஒன்றுதான், யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை போலத் தெரியும். ஆனால் அந்த ரோடு வாய்க்காலைத் தூர்த்துப் போட்டது என்றால், அரசு அதை எடுக்கும் நாளில் உங்கள் வீட்டுக்குப் போக வழி இருக்காது. நாலு எல்லையில் ஒரு சொல் மாறினாலும் ஏன் மாறியது என்று கேட்க வேண்டும்.

எல்லையும் அளவும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். இந்திய நீதிமன்றங்களும் அமெரிக்க நீதிமன்றங்களும் இந்த வழியில்தான் போகின்றன. பத்திரத்தில் ஐந்து சென்ட் என்று இருந்து, நான்கு எல்லைக்குள் நாலேகால் சென்ட்தான் இருந்தால், பெரும்பாலும் உங்களுடையது நாலேகால்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் அளந்துவிடுங்கள்.

இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார். "சொந்தக்காரர்தான், காலி செய்துவிடுவார்" என்கிறார் விற்பவர்.

குடியிருப்பவரிடம் நீங்களே நேரில் கேளுங்கள்: எந்த உரிமையில் இருக்கிறீர்கள்? இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி, ஒருவர் அனுபவத்தில் இருப்பதே, அதாவது இடம் அவர் கையில் இருப்பதே, அவருடைய உரிமையைப் பற்றி உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவிப்பாகக் கருதப்படும். எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. அவர் ஏற்கெனவே கிரய ஒப்பந்தம் போட்டவராக இருக்கலாம், பங்காளியாக இருக்கலாம், எதிர் அனுபவ உரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தை நெடுங்காலம் தன்னுடையதாக வைத்திருந்ததால் வரும் உரிமை, கோருபவராக இருக்கலாம்.

அந்த எதிர் அனுபவத்துக்குக் கால அளவு இந்தியாவில் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. இலங்கையில் 10 ஆண்டு. இங்கிலாந்தில் பதிவான நிலத்துக்கு 10 ஆண்டுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம், ஆனால் உரிமையாளருக்கு முதலில் தகவல் போகும். மலேசியாவின் நிலச் சட்டம் இப்படி உரிமை பெறுவதை ஏற்பதே இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் அனுமதியோடு இருப்பவருக்கும் எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த உரிமை வராது. "முப்பது வருடமாக இருக்கிறோம்" என்றால் உடனே பயந்துவிட வேண்டாம். எப்படி வந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

வழக்கு நடப்பது தெரியாமல் வாங்கிவிட்டால்?

தீர்ப்பு உங்களையும் கட்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவர், விற்றவரின் இடத்தில் நிற்பதாகவே சட்டம் கருதும். வழக்கு இருப்பது தெரியாது என்பது பதில் ஆகாது. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் வழக்கைப் பத்திரப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்பவரின் பெயரை நீதிமன்ற இணையதளத்தில் தேடுங்கள். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு உரிமையாளர்களின் பெயர்களையும் தேடுங்கள்.

நூற்றாண்டுப் பழமையான கடமைகள்கூட வந்து பிடிக்குமா?

பிடித்திருக்கின்றன. இங்கிலாந்தில் சில நிலங்களின் உரிமையாளர்கள், மத்திய காலத்திலிருந்து வந்த ஒரு கடமைப்படி, ஊர் தேவாலயத்தின் பீடப் பகுதியைப் பழுதுபார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு தம்பதிக்கு அப்படி ஒரு பண்ணை வந்து சேர்ந்தது. தேவாலயம் பழுதுச் செலவைக் கேட்டது. வழக்கு 2003ல், அப்போது அந்நாட்டின் மேல்முறையீடுகளை இறுதியாகத் தீர்த்த பிரபுக்கள் சபை வரை போனது. தம்பதி தோற்றார்கள். பழுதுச் செலவே 1,80,000 பவுண்டுக்கு மேல், வழக்குச் செலவு தனி. 2013 அக்டோபர் 13க்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியவரை, பதிவேட்டில் குறிக்கப்படாத அந்தக் கடமை பிடிக்காது. வேறு நாடுகளில் இதற்கு இணையானவை வழிப்பாதை உரிமை, நீர் போகும் உரிமை, அறக்கட்டளைக்கு எழுதிவைத்த காணிக்கை. பழைய பத்திரத்தில் "ஆண்டுதோறும் செலுத்தி வரவேண்டியது" என்ற சொற்றொடரைக் கண்டால் அங்கே நிறுத்திப் படியுங்கள்.

எத்தனை வருடப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் முப்பது வருடம் என்பது வழக்கம். அரசுக்கு எதிரான அனுபவக் காலமும், பழைய ஆவணத்தை உண்மை என்று அனுமானிக்கும் காலமும் முப்பதாக இருப்பது இதற்குத் துணை. இங்கிலாந்தில் பதிவாகாத நிலத்துக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் 30ஐ 15 ஆக்கியது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் நாற்பது ஆண்டு போன்ற ஒரு வரம்பு வைத்து, அதற்கு முந்தைய பல உரிமைக் கோரிக்கைகளைச் சட்டத்தாலேயே அழித்துவிடுகின்றன. என்னைக் கேட்டால், சொத்து விற்பனையாக ஒருவரிடம் முழுதாக வந்த ஒரு நல்ல பத்திரம் கிடைக்கும்வரை பின்னால் போவேன். முப்பதாவது வருடத்தில் நிற்பது ஒரு செட்டில்மென்ட் பத்திரம் (விலை வாங்காமல் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுத்தது) என்றால் அங்கே நிறுத்த மாட்டேன். எழுதிக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்பது அதற்கு முந்தைய பத்திரத்தில்தான் இருக்கும்.

உரிமைக் காப்பீடு எடுத்தால் கவலை இல்லையா?

அது பிறந்த கதையே அதன் பயனைச் சொல்லும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நிலத்தின்மேல் இருந்த ஒரு கடன் பாத்தியம் செல்லாது என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பி, பத்திர வேலை பார்த்தவர் வாங்குபவரிடம் "உரிமை நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். அது செல்லும் என்று பிறகு ஆனது. வாங்கியவர் பணத்தை இழந்தார். 1868ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் கருத்தை நாணயமாக நம்பியவர் பொறுப்பல்ல என்றது. யாருமே தவறு செய்யவில்லை, நஷ்டம் மட்டும் வாங்கியவருக்கு. அதற்குத் தீர்வாக 1876ல் பிலடெல்பியாவில் முதல் உரிமைக் காப்பீட்டு நிறுவனம் வந்தது.

இது நடந்து முடிந்ததற்கான காப்பீடு. பாலிசித் தேதிக்கு முன் ஒளிந்திருந்த குறைகளுக்குத்தான் பொதுவாகப் பாதுகாப்பு. ஒரே ஒரு முறை பிரீமியம். கடன் கொடுத்தவருக்கான பாலிசி வேறு, உரிமையாளருக்கான பாலிசி வேறு. முதலாவது உங்களைக் காப்பாற்றாது. உங்களுக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்ட குறைக்கும் பணம் கிடைக்காது. விலக்குப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். மேலும், காப்பீடு கொடுப்பது பணம். அந்த வீட்டிலேயே நீங்கள் இருக்க முடியும் என்று எந்தப் பாலிசியும் உறுதி சொல்லாது.

வாங்கிவிட்டேன். இப்போதுதான் குறை தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் அனுபவத்தை விட்டுவிடாதீர்கள். பூட்டி வைத்துவிட்டு நகராதீர்கள், வரியையும் தொடர்ந்து கட்டுங்கள். உரிமை கோருபவரிடம் தனியாகப் போய்ப் பேசி, வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு பேச்சே பிறகு சாட்சியாக வரும்.

குறை என்ன வகை என்று பாருங்கள். பெயர், எண், எல்லை பிழை என்றால் பிழைதிருத்தல் பத்திரம் போதும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். விட்டுப்போன வாரிசு என்றால், பேசி ஒரு தொகைக்கு விடுதலைப் பத்திரம் பதிவது வழக்கைவிட எப்போதும் மலிவு. இது ஒத்துவராதபோதுதான் உரிமையை அறிவிக்கக் கேட்டு வழக்கு. இந்தியாவில் அதற்குக் கால வரம்பு பொதுவாக, உங்கள் உரிமைக்கு முதல் முறை பங்கம் வந்ததிலிருந்து மூன்று ஆண்டு.

விற்றவரும் தப்பிவிட முடியாது. இந்தியச் சட்டத்தில், தனக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். பத்திரத்தில் எழுதாவிட்டாலும் சரி. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் மாறும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில் வாங்கியிருந்தால், நிலத்தின் உரிமைக் குறையால் வந்த நஷ்டத்தைக் கட்டுமான நிறுவனம் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பு தடை இல்லை. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

காப்பீடு இருந்தால் நோட்டீஸ் வந்த அன்றே அவர்களுக்கு எழுதுங்கள்.

விற்பவர் நமக்கு வேண்டியவர். இவ்வளவு கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா?

இந்தத் தயக்கத்தால் வந்த வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர், கூட வேலை பார்ப்பவர், அப்பாவின் நண்பர். இறப்புச் சான்றிதழைக் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அவரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். தன் பாட்டிக்கும் பங்கு இருந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும் என்கிறது. தனக்குத் தெரிந்து, வாங்குபவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத குறையையும் அவர் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். "அண்ணே, வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார், இதற்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினால் போதும். குடும்பத்தில் யார் யார், யார் எப்போது இறந்தார், யார் எங்கே இருக்கிறார், மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது, யாரிடமாவது முன்பணம் வாங்கியிருக்கிறாரா, இடத்தில் யார் இருக்கிறார். பதில்களை அவர் கையெழுத்தோடு வாங்கி, தேதி போட்டு, கிரயப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.